சப்பருக்குக் கட்டம் இல்லை

கேள்வி கேட்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அந்த வேலை மெல்வினா கீப்பிங்குக்குக் கிடைத்திருக்கிறது என்று தெரிந்த அன்று பெண்டல் தீவே சிரித்தது. முப்பது வருஷமாகச் சம்பளம் இல்லாமலே அவள் செய்துவந்த வேலை அது. யார் வீட்டில் யார் வந்து போனார்கள், யாருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, யார் மகள் ஆல்பர்ட்டாவிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வரப்போவதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மெல்வினா என்கிற பெயரில் கடைசி இரண்டெழுத்தை மட்டும் ஊர் வைத்துக்கொண்டிருந்தது: வினா. பொருத்தமான பெயர்தான்.

எங்கள் தீவில் ஞானஸ்நானத்தில் வைக்கிற பெயர் கல்லறைக் கல்லுக்கு மட்டுமே. நடுவில் இருக்கிற காலத்துக்கு ஊர் ஒரு பெயர் வைக்கும். அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை, வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஒருமுறை படகைத் தவறவிட்டவனுக்கு ஆயுசுக்கும் 'லேட்' என்று பெயர். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பதற்கு எங்கள் தீவைவிட நல்ல சாட்சி நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

வினா பதினாறு வயதில் மீன் ஆலையில் வேலைக்குப் போனாள். காட் மீனை எலும்பெடுத்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. இருபதில் கார்லண்ட் கீப்பிங்கைக் கட்டிக்கொண்டாள். அவர் சொந்தப் படகு வைத்திருந்தவர். விடியுமுன் போய், வலை இழுத்து, மீன் வெட்டி, மலைமேட்டில் இருக்கிற வீட்டுக்கு விறகையும் சுமந்துகொண்டு ஏறுவார். அவர் தட்டில் எவ்வளவு போட்டாலும் அது உடம்பில் தங்காமல் கடலுக்கே போய்விடும். பிறகு காட் மீன் பிடிக்கக் கூடாதென்று அரசாங்கம் தடை போட்டது. ஆலை மூடியது, படகு கரையேறியது. மீன் போன வழியில் வேலையும் போனது. வேலை இருந்த இடத்தில் சதை வந்து உட்கார்ந்தது. ஊரில் பாதிப் பேருக்கு இதே கதைதான். கார்லண்ட் கொஞ்சம் பெரிய ஆள், அவர் கதையும் கொஞ்சம் பெரிது.

ஐம்பத்தைந்து வயதில் அவருடைய வலது முட்டி தேய்ந்துபோனது. மறுகரையில், ஹார்பர் எலியட் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை வருகிற எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், கடைசியில் தராசைப் பார்த்தார். புது முட்டி வைக்கலாம், ஆனால் இந்த எடையில் முடியாது, இந்த எண்ணுக்குக் கீழே வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வருகிற படகில் கார்லண்ட் கேட்டார்: "நடக்காம எப்பிடி வினா எடையக் கொறைக்கிறது? நடக்கறதுக்குத்தான முட்டி கேட்டேன்?" படுக்கையறை மாடியில் இருந்தது; அன்று இரவிலிருந்து அவர் கூடத்து நாற்காலியில் தூங்க ஆரம்பித்தார். மாடியில் தனியாகப் படுத்திருப்பது அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார அலுவலகத்துக் கேள்வி வேலை வந்தது. கடலோரத் தீவுகளில் எடை ஏன் கூடுகிறது, என்ன செய்தால் நல்லது என்று ஒரு வருஷத் திட்டம். முதலில் வீடு வீடாகப் போய், மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதி வர வேண்டும். இதிலிருந்து கார்லண்டின் முட்டிக்கு ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்துத்தான் வினா அதை ஏற்றுக்கொண்டாள். ஊருக்குச் சொன்ன காரணம் வேறு: "சும்மா பேசறதுக்குக் காசு தராங்கன்னா கசக்குமா?"

கொடுத்த காகிதத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. காலை உணவு, லஞ்ச், டின்னர், ஸ்நாக்ஸ்.

இங்கேதான் சனி பிடித்தது. எங்களுக்கு டின்னர் என்றால் நண்பகல் பன்னிரண்டு மணி. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய சாப்பாடு. மாலை ஐந்து மணிக்குச் சாப்பிடுவது சப்பர். லஞ்ச் என்பது படுக்கப்போகுமுன் ஒரு கோப்பைத் தேநீரும், வெல்லப்பாகு தடவிய ரொட்டித் துண்டும். எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். உலகத்தில் மற்றவர்கள் லஞ்சை நடுப்பகலில் சாப்பிடுகிறார்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். தொலைக்காட்சியில் எதைத்தான் காட்டவில்லை.

வினா லஞ்ச் கட்டத்தில் தேநீரும் ரொட்டியும் எழுதினாள். டின்னர் கட்டத்தில் டின்னரை எழுதினாள். சப்பருக்குக் கட்டமே இல்லை. மறந்துபோய் விட்டிருப்பார்கள் என்று நினைத்து, இடம் அகலமாக இருந்த ஸ்நாக்ஸ் கட்டத்தில் எழுதிவிட்டாள். வீட்டுக்கு வீடு, மூச்சு விடாமல், முத்து முத்தான எழுத்தில். அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. கேட்டவளும் தீவு, சொன்னவர்களும் தீவு. சந்தேகம் எங்கிருந்து வரும்?

இரண்டு மாதம் கழித்து, முடிவுகளைச் சொல்ல அலுவலகத்திலிருந்து இங்க்ரிட் வீப் என்கிற பெண் வந்தாள். மனிடோபா சமவெளிக்காரி, முப்பது வயது இருக்கலாம், கடலைப் பார்த்தே நாலு வருஷம்தான் ஆகிறது. கெட்டிக்காரி, நல்ல மனசு. மாதாகோவில் கூடத்தில் ஊர் கூடியது. ஒரு புதுத் தராசையும் கொண்டுவந்து மூலையில் வைத்திருந்தாள். தெருவுக்குத் தெரு போட்டி, அதிக எடை குறைக்கிற தெருவுக்குப் பரிசு என்பது அலுவலகத்தின் யோசனை. தராசைப் பார்த்ததுமே பாதிப் பேர் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார்கள்.

இங்க்ரிட் திரையில் ஒரு படத்தைப் போட்டாள். தலைப்பு: பெண்டல் தீவில் ஸ்நாக்ஸ். கீழே பொரித்த காட் மீன், உருளைக்கிழங்கு, பன்றிக்கொழுப்பு வறுவல், மக்ரோனி, இறைச்சி வடை, ரொட்டி.

"மொதல்ல இதப் பத்திதான் பேசணும்," என்றாள் அவள், தயங்கித் தயங்கி. "நீங்க சாப்பாட்டுக்கு நடுவுல கொறிக்கிறதே ஒரு முழுச் சாப்பாடு அளவுக்கு இருக்கு."

யாருக்கும் புரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஹேவர்ட் பங்கேயின் குரல் வந்தது. அவன் வினாவின் தம்பி, மறுகரைக்குப் போய்வருகிற படகுக்குக் காப்டன், வாய்க்கும் காப்டன்.

"அப்ப எங்க மச்சான என்ன சொல்றது? அவரு ஒரு நாள் கொறிச்சா கடல்ல மிச்சம் ஒண்ணும் இருக்காதே! ஸ்நாக்ஸ் கீப்பிங்!"

"ஐயோ, அது சப்பர்!" வினா எழுந்து நின்று கத்தினாள். "சப்பருக்குக் கட்டமே இல்ல! நான்தான் அதுல எழுதினேன்!"

அவ்வளவுதான். கூடம் இடிந்து விழுகிற சிரிப்பு. பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். விஷயம் விளங்கியதும் இங்க்ரிட் முகமெல்லாம் சிவந்து, அவளும் சிரித்தாள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் கார்லண்ட். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி கிறீச்சிட, "மீனெல்லாம் எங்க போச்சுன்னு அரசாங்கம் தேடுதே, சொல்லிடாதீங்கடா!" என்றார். வினா அதைப் பார்த்து, நல்லவேளை, கோபித்துக்கொள்ளவில்லை என்று நிம்மதியானாள்.

கணக்கை மறுநாளே திருத்திவிட்டார்கள். பெயரைத் திருத்த முடியவில்லை. காலையில் கார்லண்ட் கடைக்குப் போகும்போதே "ஸ்நாக்ஸ், முட்டி எப்பிடி இருக்கு?" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அன்பாகச் சொல்வதுதான் கொடுமை, கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

மறுநாள் இங்க்ரிட் வினாவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"தராசத் திருப்பி அனுப்பிடறேன் வினா. யாரும் அது மேல ஏறப்போறதில்ல."

"அனுப்பாத தங்கமே. எஃபி கடையில உருளைக்கெழங்கு மூட்ட நிறுக்க ஆகும்."

"கிண்டல் பண்ணாதீங்க. நெசமாக் கேக்கறேன், கோஸ், கேரட், பழம் இதெல்லாம் ஏன் எந்த வீட்டுலயும் வாரம் முழுக்க இல்ல? பிடிக்காதா?"

"பிடிக்காதா! வா, காட்டறேன்."

எஃபி ஸ்னூக்கின் கடையில் கோஸ் இருந்தது. தொட்டால் விரல் உள்ளே போகிற கோஸ். கீரை இலைகள் கஞ்சியாகிப் பையின் அடியில் கிடந்தன. வாழைப்பழம் அடுப்பில் சுட்டதுபோல் கறுத்திருந்தது. எஃபி கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்: "என்னய மொறைக்காத தாயி. நான் நல்லதத்தான் கேட்டு வாங்கறேன். இங்க வரும்போதே செத்து வருது. சிப்ஸும் டப்பா இறைச்சியும் அடுத்த வருஷமும் அப்பிடியே இருக்கும். அப்ப நான் எத அடுக்குவேன்?"

காய்கறி லாரி செவ்வாய்க்கிழமைதான் ஹார்பர் எலியட்டுக்கு வரும், பதினொன்றரை மணிக்கு. எங்கள் படகு அங்கிருந்து பதினொன்று அடிக்கும்முன் புறப்பட்டுவிடும். குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு ஒரே நடை. ஆக, காய்கறி மறுநாள் வரை துறைக் கொட்டகையில் பனியில் விறைத்துக் கிடக்கும். புதன்கிழமை காற்றடித்தால் வியாழன். வியாழனும் அடித்தால், எஃபியின் பன்றிக்கு யோகம்.

"லாரி வர்றதுக்கு முன்னாடியே படகு ஏன் கெளம்பணும்?" என்று இங்க்ரிட் கேட்டாள்.

"டின்னருக்கு வீட்டுக்கு வரணுமே," என்றாள் வினா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. இத்தனை வருஷம் லாரிக்காரனைத் திட்டினோம், அரசாங்கத்தைத் திட்டினோம், எஃபியைத் திட்டினோம். பன்னிரண்டு மணிச் சாப்பாட்டை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சமவெளியிலிருந்து வந்தவள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள். தனக்கு வினா என்று பெயர் வைத்துப் புண்ணியமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

நேரப்பட்டியல் அரசாங்கத்துடையது. ஆனால் காப்டன் கேட்டால் மாற்றுவதில் தடையில்லை என்று பதில் வந்தது. காப்டனைக் கேட்க வைப்பதுதான் கல்லில் நார் உரிக்கிற வேலை.

"ஒரு மணிக்கு டின்னரா?" என்றான் ஹேவர்ட். மாதாகோவிலை விற்றுவிடலாமா என்று கேட்டதுபோல் பார்த்தான். "அக்கா, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? நம்ம அப்பா பொயலுல மாட்டினப்பக்கூட டின்னருக்கு வந்தாரு."

"வந்தாரு. வலைய அங்கயே விட்டுட்டு வந்தாரு. அம்மா ஒரு வாரம் திட்டினா."

"பன்னண்டுக்கு இல்லன்னா அது டின்னரே இல்ல."

"செவ்வாக்கெழம மட்டுந்தான்டா."

"படகுப் பசங்க என்ன பட்டினி கெடப்பாங்களா?"

"படகுல அடுப்பு இருக்கு. கை இருக்கு. ஆம்பளைக்குப் பானை கனக்குமா?"

அவன் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். ஆனால் சமைக்கத் தெரியாதென்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் தாங்கமாட்டான். வினாவுக்குத் தெரியும், அவள் அக்கா. மூன்றாவது வாரம் படகு பன்னிரண்டுக்குப் புறப்பட்டது. ஹேவர்ட் துணைக் காப்டனிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு, உப்பிட்ட மாட்டிறைச்சியும் கோஸும் கேரட்டும் டர்னிப்பும் ஒரே பானையில் போட்டு வேகவைத்தான். முதல் செவ்வாய் உப்புக் கரித்தது. நாலாவது செவ்வாய்க்குள், அதைச் சாப்பிடுவதற்கென்றே மறுகரைக்குப் போய்வருகிறவர்கள் முளைத்துவிட்டார்கள். எஃபியின் கடையில் கோஸ், கையில் எடுத்தால் கல்லுபோல இருந்தது. ஆரஞ்சு மணத்தது. தராசு ஒருவழியாக மூட்டை நிறுக்கப் போனது. போட்டிக்கு வைத்திருந்த பணத்தில் துறையில் காய்கறி வைக்க ஒரு சூடேற்றிய அறை கட்டிக்கொடுத்தாள் இங்க்ரிட்.

கார்லண்ட் இளைத்தார்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு எல்லோரும் கவனித்தார்கள். "ஸ்நாக்ஸ், பாதி ஆளக் காணோமே!" என்று தோளில் தட்டினார்கள். கால்சட்டைக்குப் பட்டை போட்டுக் கட்டினார். வினாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. நல்ல கோஸ் நாலு மாதம் கிடைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தாயா என்று இங்க்ரிட்டுக்குத் தொலைபேசியில் சொன்னாள். நாள் குறித்தாகிவிட்டது, வசந்தத்தில் எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். எண்ணுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இவர் மாடிப்படி ஏறிவிடுவார் என்று அவள் நம்பினாள்.

ஒன்றை மட்டும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதாகோவில் கூடத்தில் சிரித்த அந்த நாளுக்குப் பிறகு கார்லண்ட் சப்பரைத் தட்டோடு எடுத்துக்கொண்டு, வீட்டுக்குக் கீழே இருக்கிற படகுக் கொட்டகைக்குப் போய்விடுவார். வானொலி கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன் என்பார். ஞாயிற்றுக்கிழமை டின்னருக்கு ஹேவர்ட் வீட்டில் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பார். மீன் பிடித்த மனுஷன், தனியாக இருக்கப் பிடிக்கிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள், துணி உலர்த்தும்போது பார்த்தாள். ஐந்து மணி ஆகப்போகிறது. கொட்டகையின் கூரையில் கடற்புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மீன் வெட்டுகிற காலத்தில்தான் அவை அப்படிக் காத்திருக்கும். மீன் வெட்டி எத்தனை வருஷமாகிவிட்டது. ஒவ்வொன்றும் வாத்து கனத்துக்கு இருந்தது.

கையில் துணியோடு அப்படியே இறங்கிப் போனாள். கார்லண்ட் கடல் பக்கத்துக் கதவில் நின்று, தட்டிலிருந்த மீனையும் உருளைக்கிழங்கையும் கோஸையும் வழித்துத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார். பறவைகள் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டு விழுந்தன.

"எத்தன நாளா?" என்று கேட்டாள்.

அவர் திரும்பவில்லை. "டின்னர்ல பாதி சாப்பிடறேன். போதும்."

"எத்தன நாளா கார்லண்ட்?"

"அந்தக் கூட்டத்துலேர்ந்து." தட்டைப் பலகையில் வைத்தார். "எனக்கு முட்டி வேணும் வினா. அவங்க ஒரு நம்பர் சொன்னாங்க. கோஸ் தின்னு அந்த நம்பருக்கு வர்றதுக்குள்ள நான் செத்துருவேன். அதோட... தட்டுல கை வச்சா ஊரே என் தட்டப் பாக்குது. நீ பாக்கல. எல்லாரும் பாக்கறாங்க."

"யாரும் பாக்கல."

"கடைக்காரி என் பையில என்ன இருக்குன்னு பாக்கறா. பாத்துட்டுச் சிரிக்கறா. நல்லாத்தான் சிரிக்கறா."

அவள் கையிலிருந்த துணியைப் பலகையில் வைத்தாள். தான் எழுதிய ஒரு கட்டம், தான் அகலமாக இருக்கிறதென்று நிரப்பிய ஒரு கட்டம், இந்த மனுஷனைச் சாப்பாட்டுக்கு முன்னால் திருடன்போல ஒளிய வைத்திருக்கிறது. மன்னித்துவிடு என்று சொல்ல வந்து, அழுகைதான் வந்தது. அவர்தான் சமாதானம் சொன்னார். இன்னும் இரண்டு வாரம்தான், டாக்டரைப் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். அவள் தலையாட்டினாள்.

டாக்டரிடம் போன நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. நர்ஸ் தராசில் ஏற்றினாள். எண்ணுக்கு இரண்டு பவுண்டு கீழே. "அடேயப்பா!" என்று கைதட்டினாள். "சூப்பர் மிஸ்டர் கீப்பிங்! என்ன பண்றீங்களோ அதையே பண்ணுங்க!"

கார்லண்ட் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். டாக்டரும் சந்தோஷப்பட்டார். ஜூனில் ஒரு தேதி தரலாம் என்று மேசை நாட்காட்டியைப் புரட்டினார். பேனாவைத் திறந்துகொண்டே, பேச்சுக்குக் கேட்பதுபோல வினாவிடம் கேட்டார்: "வீட்ல என்னம்மா செஞ்சு போடறீங்க? மத்தவங்களுக்கும் சொல்லலாமே."

கார்லண்ட் அவளைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. கோஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜூன் மாதம் முட்டி கிடைத்துவிடும். அவள் கேள்வி கேட்டே பழகியவள். பதில் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நான் செஞ்சு போடறத இவரு கடலுக்குப் போடறாரு டாக்டர்," என்றாள். "ஆறு மாசமா சப்பர் சாப்பிடல. காலையில எந்திரிச்சா கண்ணக் கட்டுதுங்கறாரு. இத நீங்க சூப்பர்னா, நான் எங்க போய்ச் சொல்றது?"

டாக்டர் பேனாவை மூடினார். கார்லண்டின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"ஆபரேஷன் புண்ணு நல்லா ஆறணும்னுதான் அந்த எண் சொன்னேன்," என்றார் பிறகு. "பட்டினி கெடந்த ஒடம்புல அது கனத்த ஒடம்புல ஆறறதவிட மோசமா ஆறும். இப்பத் தேதி தர முடியாதுங்க. மூணு மாசம் ஒழுங்கா சாப்பிட்டுட்டு வாங்க. அப்ப ரத்தத்தத்தான் பாப்பேன், தராச இல்ல. ரெண்டு பவுண்டு, பத்து பவுண்டு ஏறினாலும் பரவால்ல."

கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் ஜூன் போய்விட்டது.

துறைக்கு நடந்து வருகிற வழியெல்லாம் கார்லண்டின் கைத்தடி தரையில் இடிக்கிற சத்தம்தான். படகுக்குள் ஏறி, சாப்பாட்டு மேசையின் கோடியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வினா எதிரே உட்காரப் பயந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் பேச அவளுக்குப் பயமாக இருந்தது. காய்கறிப் பெட்டிகள் ஏறின. படகு கிளம்பியது. பானை கொதித்து, கோஸ் வாசனை உள்ளே நிறைந்தது. படகாட்களும் ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். ஹேவர்ட் கரண்டியைப் பானை விளிம்பில் தட்டினான்.

"ஸ்நாக்ஸ்! தட்டப் புடி!"

"பசியில்ல," என்றார் கார்லண்ட், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"ஸ்நாக்ஸுக்குப் பசியில்லையாம்! படகத் திருப்புங்கடா, டாக்டர்கிட்டயே போவோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். கார்லண்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வினா எழுந்துவிட்டாள்.

"ஹேவர்ட், அந்தப் பேரக் கடல்ல போடு."

"என்னக்கா?"

"தப்பான கட்டத்துல எழுதினவ நான். பேரச் சொமக்கறது அவரா? எனக்கு வைங்க அந்தப் பேர. என்னக் கூப்புடுங்க. அவரு பேரு கார்லண்ட். இனிமே யாராவது வேற பேரு சொன்னா, நீயே சொன்னாலும், உனக்கு அக்கா கெடையாது."

எங்கள் ஊரில் வைத்த பெயரை எடு என்று கேட்டவர் அதுவரை யாருமில்லை. அப்படிக் கேட்கலாம் என்பதே யாருக்கும் தெரியாது.

"வெளையாட்டுக்குத்தானக்கா..." என்று இழுத்த ஹேவர்ட், கார்லண்ட் பக்கம் திரும்பினான். தோளிலிருந்து தொங்குகிற கோட்டையும், காலருக்குள் ஆடுகிற கழுத்தையும் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"வெளையாட்டுதான்," என்றார் கார்லண்ட். "நானும்தான சிரிச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, மேசையைப் பார்த்துச் சொன்னார்: "தட்டத் தூக்கும்போதெல்லாம் அது காதுல கேக்கும் ஹேவர்ட். தனியா இருந்தாலும் கேக்கும்."

ஹேவர்டுக்கு எப்போதும் வாயில் ஏதாவது தயாராக இருக்கும். அன்றைக்கு அவன் ஒரு தட்டை எடுத்துத் துணியால் துடைத்தான். துடைத்த தட்டையே இன்னொரு முறை துடைத்தான். மேசைக் கோடிக்குப் போய் நின்றான்.

"கார்லண்ட்," என்றான். அந்தப் பெயர் அவன் நாக்குக்குப் புதிதாக இருந்தது. "கோஸ் போடட்டுமா?"

கார்லண்ட் மெதுவாக, முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு, மேசைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வினாவைப் பார்க்கவில்லை, ஜூன் மாதத்துக்கான கோபம் இன்னும் இருந்தது, அது இருக்கத்தான் செய்யும். தட்டை வாங்கிக்கொண்டார்.

"உருளைக்கெழங்கும் போடு," என்றார். "எறைச்சிய ஏன் ஒளிச்சு வச்சிருக்க?"

சாப்பிட ஆரம்பித்தார். மேசையில் இருந்த அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டு அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நிறுத்தவில்லை.